கீழ்த்தளத்தில் ஓர் அறை

தம்பி முதலில் அனுப்பிய அளவு பொய்.

ஐம்பத்தெட்டு சென்ரிமீற்றர் என்று எழுதியிருந்தான். ஒஸ்லோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து பதினாறு வருடங்கள் ஆகின்றன. சக்கர நாற்காலிகளைத் தள்ளுவதும் மடிப்பதும் துடைப்பதும் என் அன்றாடம். வீடியோவில் அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஐம்பத்தெட்டுக்குள் அடங்காது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. அழைத்துக் கேட்டேன்.

"எங்கையிருந்து எங்கை மட்டும் அளந்தனி?"

"இருக்கிற இடத்தைத்தான். வேறை எதை அளக்கிறது?"

"கதவுக்குள்ளாலை சில்லும் போகவேணுமெல்லே? நீ கையாலை பிடிச்சு உருட்டுற வளையம் இருக்கு. அந்தப் பக்க வளையத்திலையிருந்து இந்தப் பக்க வளையம் மட்டும் அளந்து சொல்லு."

மனைவியிடம் தையல் நாடாவைக் கேட்கிறான். அவள் ஏதோ சொல்கிறாள். பிறகு, விருப்பமில்லாத குரலில், "அறுபத்தஞ்சு" என்றான்.

வியட்நாமிலிருந்து ஹோட்டல்காரி அனுப்பிய பதிலில் குளியலறைக் கதவின் அகலம் அறுபத்தாறு.

நானும் தம்பியும் நேரில் பார்த்து இருபத்திரண்டு வருடங்கள். நான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபோது அவன் நடந்துகொண்டிருந்தான். என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையம் வரை வந்தவன். அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு, போரின் கடைசி மாதங்களில், ஒரு எறிகணைச் சிதறல் அவனுடைய முதுகெலும்பில் ஏறியது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அந்தச் செய்தியை நான் தொலைபேசியில்தான் கேட்டேன். அவனுடைய கலியாணத்தையும் தொலைபேசியில்தான் பார்த்தேன்.

நான் இலங்கைக்குப் போக முடியாது. அதற்கான காரணங்களை இங்கே எழுதப் போவதில்லை. அவனுக்கு நோர்வே விசா இரண்டு தடவை கிடைக்கவில்லை. இந்தியா என்றால் அவனுக்கே விருப்பமில்லை. காயப்படுவதற்கு முன்பு இரண்டு வருடம் அங்கே அகதி முகாமில் இருந்தவன். "திரும்ப அந்தப் பக்கம் நான் வரமாட்டன் அக்கா," என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டான்.

வியட்நாமைக் கண்டுபிடித்ததும் அவன்தான். கட்டிலில் கிடந்தபடி ஊர் ஊராக வீடியோ பார்ப்பது அவன் பழக்கம். குயி நோன் என்ற கடற்கரைப் பட்டினத்தில் கடலோரமாகப் படியே இல்லாத நீண்ட நடைபாதை இருப்பதைப் பார்த்திருக்கிறான். விசாவைக் கணினியிலேயே எடுக்கலாம். எங்கள் இரண்டு குடும்பத்தாலும் தாங்கக்கூடிய வாடகைக்கு அறைகள் இருந்தன. "ரண்டு பேருக்கும் நடுவிலை," என்றான். வரைபடத்தில் அது நடுவில் இல்லை.

ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில்தான் திட்டம் தொடங்கியது. என் கணவர் பஸ் ஓட்டுகிறார். அவருக்கு அந்த மாதம் லீவு கிடைக்கவில்லை. எனவே நானும் மகளும் இங்கிருந்து, தம்பியும் மனைவியும் அங்கிருந்து, பத்து நாட்கள், மார்ச் இரண்டாம் கிழமை. மகளுக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மாமாவை அவளுக்குத் திரையில்தான் தெரியும். கணினி வேலைகளை அவள் பார்த்துக்கொண்டாள்.

மலிவான ஹோட்டல்களில் "லிஃப்ட் உண்டு" என்று போட்டிருந்தால் எந்தப் பொருளும் இல்லை என்பதை முதல் கிழமையிலேயே கற்றுக்கொண்டோம். ஒன்றில் லிஃப்ட் இருந்தது. அதற்குப் போக நான்கு படி ஏறவேண்டும். இன்னொன்றில் நாற்காலி உள்ளே போகும், ஆனால் கதவு மூடாது. ஏழு ஹோட்டல்களுக்கு மகள் எழுதினாள். ஐந்து பதில் போடவில்லை. ஒன்று "வரவேற்கிறோம்" என்று மட்டும் எழுதியது. ஏழாவதுதான் அந்தப் பெண்ணுடையது.

கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒடுங்கிய ஐந்து மாடிக் கட்டடம். அதை அவளும் கணவனும் நடத்துகிறார்கள். ஆங்கிலம் தெரியாது, மொழிபெயர்க்கும் செயலி வழியாக எழுதுவாள். மகள் அதை வாசித்து எனக்குத் தமிழில் சொல்வாள். "வணக்கம் சகோதரி. உங்கள் தம்பியின் சக்கரங்கள் எவ்வளவு கொழுப்பு?" என்று வந்தது முதல் நாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அகலத்தைத்தான் கேட்டிருக்கிறாள் என்று விளங்கியதும் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மற்ற ஆறு பேரும் கேட்காத கேள்வி அது.

நாங்கள் பதிவு செய்திருந்த அறைகள் மூன்றாம் மாடியில். லிஃப்டுக்கு முன்னால் இரண்டு படிகள் இருப்பதாக அவளே எழுதினாள். கீழ்த்தளத்தில் இன்னொரு அறை இருக்கிறதாம், ஆனால் இணையத்தில் போடுவதில்லையாம். ஜன்னல் தெருப் பக்கம் இல்லை, மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, விருந்தாளிகள் குறை சொல்வார்கள். அதைத் தம்பிக்குத் தரலாம். அந்த அறையின் குளியலறைக் கதவுதான் அறுபத்தாறு.

இரண்டு பக்கமும் அரை சென்ரிமீற்றர். வளையத்தில் கை வைத்தால் விரல் நசியும். கை வைக்காமல் நாற்காலி உருளாது. இதை எழுதினேன். அடுத்த நாள் பதில் வந்தது: "நான் கதவைக் கழற்றுகிறேன். திரை போடுகிறேன். அப்போது எழுபது." கதவுப் பலகையின் தடிப்பு போனால் அவ்வளவு கிடைக்கும் என்று நான் யோசிக்கவேயில்லை. கீழ் அறை இணையத்தில் இல்லாததால் மூன்றாம் மாடி அறைகளைப் பதிவில் அப்படியே வைத்துக்கொண்டோம். விமானச் சீட்டுகளை எடுத்தோம். பதிவை இலவசமாக ரத்துச் செய்வதற்குப் பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை வரை அவகாசம் இருந்தது. அந்தக் கெடுவை மகள் நோர்வேஜிய மொழியில் "ஃப்ரிஸ்ட்" என்றுதான் சொல்வாள். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாளில் எழுதி ஒட்டியும் வைத்தாள். அது எங்களுக்குத் தேவைப்படும் என்று நினைத்து ஒட்டவில்லை. எல்லாவற்றையும் ஒட்டி வைப்பது அவள் பழக்கம்.

அந்த வியாழனுக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, காலை வேலை முடிந்து நிலக்கீழ் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். தம்பியின் மனைவி அழைத்தாள். அவள் தானாக என்னை அழைப்பதில்லை. எடுத்தவுடன் குரலைத் தாழ்த்திக் கதைத்தாள்.

"மச்சாள், நான் சொன்னனெண்டு இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"என்ன? சொல்லுங்கோ."

"இவருக்குப் பின்னாலை புண் வந்திட்டுது. மூண்டு கிழமையாகுது. உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்."

ரயில் ரொம்சோஸ் நிலையத்தில் நின்றது. எங்கள் நிலையத்துக்கு ஒன்று முன்பு. பாறையைக் குடைந்து கட்டிய நிலையம் அது. ஏன் என்று தெரியாமல் இறங்கிவிட்டேன். ஓடும் ரயிலில் ஆட்களுக்கு நடுவே நின்று அந்தக் கேள்விகளைக் கேட்க முடியாது என்று தோன்றியிருக்க வேண்டும்.

"எவ்வளவு பெரிசு? தோல் உடைஞ்சிட்டுதோ? கறுப்பா ஏதாவது தெரியுதோ? மணக்குதோ?"

"மணக்கேல்லை. தோல் உடைஞ்சிருக்கு. நான் மருந்து கட்டுறன். ஆனா இவர் நாள் முழுக்கக் கதிரையிலைதான் இருக்கிறார். படுங்கோ எண்டால் கேக்கிறாரில்லை. பிளேனிலை கனநேரம் இருக்கவேணும், இப்பவே பழகவேணும் எண்டு சொல்லுறார்."

பாறைச் சுவரில் கையை வைத்தபடி நின்றேன். குளிர் கையுறைக்குள்ளாலும் ஏறியது. படுக்கைப்புண் என்றால் என்னவென்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு சிவந்த வட்டமாகத் தொடங்கும். உணர்வில்லாத உடம்பில் அது வலிக்காது. வலிக்காததால் மேலும் மேலும் அதன்மேல் இருப்பார்கள். எலும்பு வரை போன புண்களைப் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து இரத்தத்தில் நஞ்சேறிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். கொழும்பு வரை வாகனத்தில் எட்டு மணித்தியாலம், பிறகு இரண்டு விமானம். என்னைப் பார்ப்பதற்காக அவன் அந்தப் புண்மேல் உட்கார்ந்து வரப்போகிறான்.

வீட்டுக்கு வந்து, மேலங்கியைக் கழற்றாமலே அவனை அழைத்தேன். மனைவி சொன்னதைச் சொல்லவில்லை. சொல்லாமல் கேட்கவும் தெரியவில்லை.

"உன்ரை பின்பக்கத்தை எனக்கு ஒருக்கால் பாக்கவேணும்."

"என்ன?"

"பிரயாணத்துக்கு முதல் தோலைப் பாக்கவேணும். எல்லாருக்கும் பாக்கிறதுதான். படம் எடுத்து அனுப்பு."

அவன் முகம் திரையில் மாறியது. "அவள் சொல்லிப்போட்டாள்."

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"அக்கா, பொய் சொல்லாதை. உனக்கு வராது."

"சரி. அப்ப காட்டு."

"அது நீ பாக்கிற இடமில்லை."

"நான் ஒவ்வொரு நாளும் பாக்கிற இடம் அதுதானடா. எனக்குச் சம்பளம் தாறதே அதுக்குத்தான்."

"அங்கை நீ கிழவன் கிழவியளைப் பாக்கிற மாதிரி என்னைப் பாக்காதை," என்றான். "நான் உனக்குத் தம்பி. உன்ரை வேலையில்லை." அழைப்பைத் துண்டித்துவிட்டான்.

திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. புதன்கிழமை முழுவதும் எடுக்கவில்லை. மனைவியின் தொலைபேசியும் அணைந்திருந்தது. வேலையில், ஒரு முதியவரைக் கட்டிலில் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். என்னோடு வேலை செய்யும் நோர்வேஜியத் தாதி கவனித்துவிட்டாள். மதிய இடைவேளையில் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். முப்பது வருடம் புண்களோடு பழகியவள். அவள் யோசிக்கவேயில்லை.

"படத்தைப் பார்க்காமல் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் தோல் உடைந்திருந்தால் இப்போது போக முடியாது. ஆறு கிழமை, ஏழு கிழமை அதன்மேல் உட்காரக்கூடாது. அவர் உன் தம்பி என்பதால் மாறிப்போகிற கணக்கு இல்லை இது."

வியாழக்கிழமை நான்கரை மணிக்கு மகள் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மேசையில் இருந்தாள். வியட்நாமில் நள்ளிரவு என்றால் எங்களுக்கு மாலை ஆறு. ஆறு மணிக்கு முன் ரத்துச் செய்தால் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு என்றால் முழு வாடகையும் போகும்.

"அம்மா, நான் அவ்பெஸ்தில் பண்ணட்டோ?" ரத்துச் செய்யவா என்று கேட்கிறாள். "இண்டைக்குத்தான் ஃப்ரிஸ்ட்."

"பொறு."

"எதுக்குப் பொறுக்கிறது? நீங்கள் முடிவெடுத்திட்டீங்கள்தானே?"

முடிவு எடுத்துவிட்டேன் என்பது உண்மை. அவன் வரக்கூடாது. ஆனால் அவன் வாயால் ஒரு சொல் கேட்காமல் ரத்துச் செய்தால், அவன் இனி ஒருபோதும் புறப்பட மாட்டான் என்றும் எனக்குத் தெரியும். விசாவுக்கு இரண்டு தடவை முயன்று மறுக்கப்பட்ட பிறகு, ஒரு வருடம் அவன் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. "உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம் இந்த ஆசை," என்று அப்போது சொன்னவன்.

ஐந்து மணிக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. ஐந்தேகாலுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மகள் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள். தன் குரலில் ஒரு செய்தி பதிவு செய்தாள். அவளுடைய தமிழ் கொஞ்சம் தட்டித் தடவித்தான் வரும்.

"மாமா, நான் கதைக்கிறன். அம்மா அழுதுகொண்டு இருக்கிறா. நீங்கள் படம் அனுப்பாட்டி நான் கான்சல் பண்ணுவன். நீங்கள் அனுப்பினா நாங்கள் புதுசா டேட் எடுப்பம். நான் உங்களை இன்னும் ஒருக்காலும் காணேல்லை. எனக்கு அவசரமில்லை. ஆனா காணவேணும்."

நான் அழவில்லை. ஆனால் அதை மறுக்கவும் இல்லை.

ஐந்து நாற்பதுக்கு மனைவியின் தொலைபேசியிலிருந்து படம் வந்தது. மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது இருப்பெலும்பின் மேல், ஐந்து குரோணர் நாணயத்தின் அளவு, இரண்டரை சென்ரிமீற்றர் இருக்கும். மேல்தோல் போயிருந்தது. அடி சிவப்பு. கறுப்பு இல்லை, மஞ்சள் இல்லை, குழி இல்லை. சுற்றிய தோலில் வீக்கம் இல்லை. அவன் மனைவி சுத்தமாகப் பார்த்திருக்கிறாள். நான் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

படத்துக்குக் கீழே அவன் ஒரு வரி எழுதியிருந்தான். "எவ்வளவு நாள்?"

"ஏழு கிழமை. குப்புறப் படுக்கவேணும்," என்று எழுதினேன்.

ஐந்து ஐம்பதாகியும் பதில் இல்லை. மகள் ஹோட்டல்காரிக்கு நடந்ததை எழுதிவிட்டாள். அங்கே நள்ளிரவு நெருங்கும் நேரம். அவள் விழித்திருப்பாள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. விழித்திருந்தாள். உடனே எழுதினாள்: ஏப்ரல் கடைசியில் எங்கள் நாட்டில் விடுமுறைக் கூட்டம், அறையே இல்லை. மே இரண்டாம் கிழமை வாருங்கள். இணையத்தில் உள்ள பதிவை இப்போதே ரத்துச் செய்துவிடுங்கள், உங்கள் பணம் போகவேண்டாம். மேயில் மூன்றாம் மாடியில் ஒரு அறையும் கீழ் அறையும் நான் வைத்திருப்பேன். புதிய பதிவு தேவையில்லை. "நான் சொல்கிறேன் என்றால் சொல்கிறேன்," என்று மொழிபெயர்ப்புச் செயலி சுற்றிவளைக்காமல் சொன்னது.

"நம்பலாமோ?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் மகள். ஐந்து ஐம்பத்தாறுக்கு ரத்துச் செய்தாள். கையில் உறுதிப்படுத்திய ஒரு தாளும் இல்லாமல் போயிற்று.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் தம்பியிடமிருந்து ஒரு சொல் வந்தது. "ஓம்."

அந்த ஏழு கிழமைகள் தொடங்கின. வேலை முடிந்து ஒவ்வொரு நாளும் மூன்றரை மணிக்கு அவனை அழைத்தேன். அவன் கட்டிலில் குப்புறக் கிடந்தபடி, தாடையைத் தலையணையில் ஊன்றிக்கொண்டு எடுப்பான். முதல் கிழமை என்னோடு கதைக்கவில்லை. தொலைபேசியைத் தன் முன்னால் சாய்த்து வைத்துவிட்டு வேறு ஏதாவது வாசித்துக்கொண்டிருப்பான். நானும் குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருப்பேன். அவன் உட்கார்ந்திருக்கிறானா என்று பார்ப்பதற்குத்தான் அழைக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும்.

இரண்டாம் கிழமை ஒரு நாள் திடீரென்று கேட்டான். "உங்கை பனி கரைஞ்சிட்டுதோ?"

"இல்லை. ரோட்டிலை சரளைக் கல் கொட்டியிருக்கினம், வழுக்காமல்."

"காட்டு."

தொலைபேசியைப் பலகணிக்குக் கொண்டுபோய்க் கீழே காட்டினேன். அழுக்கேறிய பனிக் குவியலையும், பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு போகும் ஒரு பெண்ணையும் நெடுநேரம் பார்த்தான். அன்றிலிருந்து கதைக்கத் தொடங்கினான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வரும். அதை நான் தாதிக்குக் காட்டுவேன். மூன்றாம் கிழமை ஓரங்கள் இளஞ்சிவப்பாகி உள்ளே வந்தன. நான்காம் கிழமை அப்படியே நின்றுவிட்டது. ஐந்தாம் கிழமை கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. நான் அழைத்துச் சத்தம் போட்டேன்.

"நீ கதிரையிலை ஏறினனியோ?"

"இல்லை."

"உண்மையைச் சொல்லு."

"அரை மணித்தியாலம். வாசல்லை ஒருத்தன் வந்தவன், கட்டில்லை கிடந்து எப்பிடி ஆளோடை கதைக்கிறது? நீ ஒரு கிழமை குப்புறக் கிடந்து பார் அக்கா. அதுக்குப் பிறகு என்னைப் பேசு."

அன்று மாலை கணவர் வேலையால் வந்தபோது நான் வரவேற்பறைத் தரையில் குப்புறக் கிடந்தேன். என்ன நடந்தது என்று பதறினார். கடிகாரத்தைப் பார்த்து நாற்பது நிமிடம் என்றேன். அதற்குள்ளேயே கழுத்தும் முழங்கையும் கடுத்தன. தம்பிக்கு அதைச் சொல்லவில்லை.

ஏழாம் கிழமை புண் மூடியது. புதிய தோல், கடதாசி போல மெல்லியது. யாழ்ப்பாணத்தில் டொக்டர் பார்த்து, காற்று நிரப்பிய குஷனில் இருந்தால், அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் உடம்பை உயர்த்தினால், போன இடத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் படுத்தால், போகலாம் என்றார். குஷனை நான் இங்கே வாங்கிக் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன். விசாக்களைத் திரும்ப எடுத்தோம். விமானச் சீட்டுகளின் நாளை முன்பே மாற்றியிருந்தோம்.

அதன் பிறகு ஹோட்டல்காரி காணாமல் போனாள்.

புறப்படப் பத்து நாள் இருக்கும்போது, வருகிற நாளை உறுதி செய்து மகள் எழுதினாள். பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் அழைத்துப் பார்த்தோம், மணியே அடிக்கவில்லை. இணையத்தில் அந்த ஹோட்டலைத் தேடினால் எங்கள் நாட்களுக்கு "அறை இல்லை" என்று காட்டியது. எங்களுக்காக வைத்ததால் இல்லையா, வேறு யாருக்கோ கொடுத்ததால் இல்லையா? தெரியவில்லை. மகள் திரும்பவும் மற்ற ஹோட்டல்களுக்கு எழுதத் தொடங்கினாள். ஒன்றிலும் கீழே அறை இல்லை.

தம்பி ஒவ்வொரு நாளும் கேட்டான். "ஹோட்டல் எல்லாம் சரிதானே அக்கா?"

"ஓம், ஓம். சரி."

புண்ணை மூன்று கிழமை எனக்கு மறைத்ததற்காக நான் அவன் மனைவியிடம் எவ்வளவு கோபப்பட்டிருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அவள் காட்டிக்கொடுத்ததற்காக நன்றியும் சொல்லவில்லை. அவளை அழைத்து உண்மையைச் சொன்னேன். "இன்னும் பதில் வரேல்லை. தம்பிக்குச் சொல்லவோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் மச்சாள். ரண்டு நாள் பாப்பம். நான் ஒண்டும் சொல்லமாட்டன்," என்றாள். சின்னதாகச் சிரித்தாள். "இந்த முறை மெய்யாவே சொல்லமாட்டன்."

ஐந்தாம் நாள், சனிக்கிழமை. ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் மகளுக்குச் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தோம். மகளின் தொலைபேசியில் தொடர்ந்து ஒலிகள். வேறு ஒரு எண்ணிலிருந்து ஹோட்டல்காரி. தொலைபேசி தண்ணீர் வாளிக்குள் விழுந்துவிட்டதாம். எண்கள் எல்லாம் போயின. கணவனின் அக்கா மகனைக் கொண்டு பழைய செய்திகளை எப்படியோ மீட்டு எடுத்திருக்கிறாள். மன்னிப்புகள் ஆறேழு வரிக்கு இருந்தன. கடைசியில் ஒரு வீடியோ.

செருப்புக்கடை வாங்கில் உட்கார்ந்து பார்த்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க மெல்லிய பெண், பூப்போட்ட உடுப்பு. இப்போதுதான் அவள் முகத்தைப் பார்க்கிறோம். சில்லுப் பூட்டிய ஒரு அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பக்கமும் கூட்டுகிற தும்புத்தடிக் கம்புகளைக் குறுக்கே கட்டி, எங்கள் அறுபத்தைந்து சென்ரிமீற்றருக்கு அகலமாக்கியிருக்கிறாள். கணவன் படம் பிடிக்கிறான். தெரு வாசலிலிருந்து காலால் தரையை உந்தாமல், கைகளால் சுவரையும் மேசையையும் பிடித்து இழுத்து இழுத்து வருகிறாள். வாசற்படி இருந்த இடத்தில் புதிய சீமெந்துச் சாய்வு. மோட்டார் சைக்கிள்களைத் தாண்டுகிறாள். அறைக்குள் வருகிறாள். குளியலறை வாசலில் கதவில்லை, நீலத் திரை. கம்பின் நுனிகள் உரசவில்லை. உள்ளே போய்த் திரும்ப முயன்றபோது முழங்காலைக் கழுவுதொட்டியில் இடித்துக்கொண்டு ஏதோ தன் மொழியில் கத்துகிறாள். கணவன் சிரிப்பதால் படம் ஆடுகிறது. பிறகு அவள் கமராவைப் பார்த்து, சிரிக்காமல், ஒரு விரலால் கழுவுதொட்டியைக் காட்டுகிறாள். அதை அரை அடி நகர்த்திவிடுவாளாம்.

மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். கடைக்காரப் பெண் வந்து அளவு சரியாக இருக்கிறதா என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

அந்த வீடியோவைத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் அதை நான்கு முறை பார்த்ததாக அவன் மனைவி பின்னால் சொன்னாள்.

மே மாதம் நாங்கள் போனோம். அவர்கள் எங்களுக்கு முதல் நாளே வந்து சேர்ந்திருந்தார்கள். விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சி அந்த ஒடுங்கிய தெருவுக்குள் திரும்பியது. இருபத்திரண்டு வருடம் கதைத்த ஆளிடம் முதலில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் ஹோட்டல் வாசலில், வெயில் படாத பக்கமாக, நாற்காலியில் இருந்தான். திரையில் பார்த்ததை விட அவனுடைய கைகள் தடித்திருந்தன; உடம்பு சின்னதாக இருந்தது. நான் குனிந்து அணைத்தேன். நாற்காலியில் இருப்பவரை அணைப்பதற்கு எனக்குத் தொழில்முறையாகத் தெரிந்த எந்த வழியும் அப்போது கைகொடுக்கவில்லை. அவன் என் தலையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை.

பிறகு கொஞ்சம் தள்ளிப் பிடித்து, என் வகிட்டைப் பார்த்தான்.

"உனக்கு வகிடு முழுக்க நரைச்சுப் போச்சே. ஃபோனிலை தெரியேல்லை."

"நீ பாத்திடக் கூடாதெண்டு கிழமைக்கு ஒருக்கால் மை பூசுறனான். இந்த முறை வெளிக்கிட்ட அவசரத்திலை விட்டுப்போட்டன்."

"எத்தினை வருஷமா?"

"பத்து இருக்கும்."

அவன் என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மகள் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, "மாமா," என்று மட்டும் சொல்லிக்கொண்டு, கையைக் கொடுப்பதா அணைப்பதா என்று தெரியாமல் நடுவில் நின்றாள்.

"எவ்வளவு நேரமாய்க் கதிரையிலை இருக்கிறாய்?" என்று நான் அவனைக் கேட்டேன்.

"இப்பத்தான்."

"ரண்டு மணித்தியாலம் தாண்டிட்டுது," என்றாள் மனைவி.

"அப்ப உள்ளை வா. படு."

"அக்கா, இப்பதானே வந்தனி. அரை மணித்தியாலம் பொறு."

"பத்து நிமிஷம்," என்றேன். பெட்டியின் மேலேயே அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹோட்டல்காரி எல்லோருக்கும் ஐஸ் போட்ட கோப்பி கொண்டுவந்தாள்.